மாப்பிள்ளை வீட்டுக் கடலில் கார்த்திகைப் பொரி

கடலைக் கெடுத்தவர்கள் இவ்வுலகில் ஏராளம். எண்ணெய்க் கப்பலைக் கவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள்; ஆலைக் கழிவைத் திறந்து விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களெல்லாம் கடற்கரையில் இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் முயன்று அதைச் சாதித்தவர்கள். கடலையே காணாத சிவகாசியில், ஒரு வீட்டின் கூடத்தில், ஐந்தே நாட்களில், அதுவும் பக்தியின் பெயரால் ஒரு கடலைக் கெடுத்த மனிதன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். நல்ல நேரம், இராகு காலம், பிரதோஷம், கிருத்திகை என்று தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கிய பல இலட்சம் தாள்கள் என் சிவப்பு மைக்குத் தப்பி வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பின் விருதுநகரில் வாசம். விடிவதற்குள் நீராடி, நீறு பூசி, ஒரு மணி நேரம் பதிகம் ஓதிய பிறகே காப்பி. முட்டை என்ற சொல்லைக் கூட வீட்டில் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம்.

என் மகள் உமாவை மணந்தவர் ஏழாயிரம்பண்ணைக்கு அருகே பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். வீடு சிவகாசியில். அவர் வீட்டார் அசைவம் உண்பவர்கள் என்பதால் இந்தத் திருமணத்துக்கு நான் ஓராண்டு முரண்டு பிடித்தேன். மாப்பிள்ளை அதற்குப் பழி வாங்கிய விதம் மிகக் கொடியது: இந்த ஆறு ஆண்டுகளில் நான் போகும் நாட்களில் அந்த வீட்டில் கருவாட்டு வாடை கூட வந்ததில்லை. என் எதிரே அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. உரக்கச் சிரித்ததில்லை. எதையும் கேட்டதும் இல்லை. ஒரு மனிதனை வெட்கப்பட வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

பட்டாசுக் கம்பெனி நடத்துபவருக்கு இரத்த அழுத்தம் வருவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. வானம் இருண்டால் சரக்குக் காயாது; வானம் வெளுத்தால் வெயிலை நினைத்துப் பயம்; ஜீப் வந்தால் ஆய்வு; வேளை கெட்ட வேளையில் தொலைபேசி அடித்தால், எங்கே என்ன ஆயிற்றோ என்ற கவலை. முப்பத்தொன்பது வயதில் அவருக்கு மூன்று மாத்திரைகள். மருத்துவர் கடைசியில், "தினமும் அரை மணி நேரம் மீன் தொட்டியைப் பாத்துக்கிட்டு உக்காருங்க" என்றாராம். உமா ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையையும் இரண்டு தங்க மீன்களையும் மனத்தில் நினைத்திருக்கிறாள். ஆனால் பத்தாயிரம் வாலா செய்கிற மனிதருக்குச் சிறியதாக எதையும் செய்ய வராது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் பாறை, உப்பு நீர், அலை அடிக்க ஒரு யந்திரம், நீல வெளிச்சம், இவை போதாதென்று உயிருள்ள பவளம். கூடத்தில் ஒரு கடலையே குடியேற்றிவிட்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு விடுமுறை விட்டிருந்த கார்த்திகை மாதம் அது. மாப்பிள்ளை, உமா, என் மனைவி மூவரும் ஒரு வாரம் மூணாறு போவதாக ஏற்பாடு. வெளியூர்ச் சாப்பாடு எனக்கு ஆகாது என்பதால் நான் போகவில்லை. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஓர் உதவி கேட்டார்.

"மாமா, ஒரு வாரம் நம்ம வீட்டுல தங்கித் தொட்டிக்கு மட்டும் சாப்பாடு போட முடியுமா? வேற யார நம்பியும் விட்டுட்டுப் போக மனசு வரல."

'நம்பி' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் திமிங்கலத்துக்கே சோறு ஊட்டியிருப்பேன்.

அவர் காரில் பெட்டிகளை வைத்துக்கொண்டிருந்தபோது உமா என்னைத் தனியே அழைத்தாள். "அப்பா, இந்தத் தொட்டி வந்த பெறகுதான் அவுகளுக்கு மாத்திர மூணு ரெண்டாச்சு. கம்பெனில இருந்து வந்ததும் இதுக்கு முன்னால உக்காந்தா மொகமே மாறிரும். இது நல்லாருந்தாத்தான் அவுக நல்லாருப்பாக. கவனமாப் பாத்துக்கோங்க."

"இம்புட்டு மீனப் பாத்துக்கிற மாட்டேனா?" என்றேன். (அந்த ஆணவத்தைப் பாருங்கள்!)

மாப்பிள்ளை ஓர் அட்டையைக் கொடுத்தார். சிவகாசி அல்லவா, தொட்டிக்குத் தீனி போடும் முறை கூட வழவழப்பான தாளில், நான்கு வண்ணத்தில், மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி வந்திருந்தது. தாமே தட்டச்சு செய்து அச்சிட்டிருக்கிறார். மொத்தம் பதினான்கு குறிப்புகள். கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் சிவப்பு எழுதுகோலை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு குறிப்புகளிலும் இருந்த ஒற்றுப் பிழைகள் அனைத்தையும் திருத்தினேன். எக்காரணம் கொண்டும் வீட்டு உணவு எதையும் போடக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்த கடைசிக் குறிப்பில் மட்டும் இரண்டு பிழைகள்; அவற்றையும் திருத்தினேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம் அப்படி. ஒரு தாளை எழுத்தெழுத்தாகப் பார்க்கத் தெரியுமே தவிர, அதில் சொல்லியிருப்பது எனக்காகத்தான் என்ற எண்ணம் வராது. (நாள்காட்டியில் 'இன்று பயணம் தவிர்க்கவும்' என்பதைத் திருத்திவிட்டு அன்றைக்கே பயணம் போனவன் நான்.)

முதல் நாள் சனிக்கிழமை. மீன் என்பதாலேயே அதுவரை அந்தப் பக்கம் திரும்பாதிருந்த நான், நல்ல நேரம் பார்த்துத் தொட்டியின் முன் நின்றேன். முதலில் கண்ணில் பட்டவை ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். என்னைக் கண்டதும் இரண்டும் கண்ணாடி அருகே வந்து நின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொன்றின் உடம்பிலும் மூன்று வெண்ணிறப் பட்டைகள்! நெற்றியில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வால் அருகே ஒன்று. திருநீறு. குறுக்கே இல்லாமல் நெடுக்காக இருக்கிறதே என்று ஒரு கணம் ஐயம் எழுந்தது. மீன் படுத்தவாறு நீந்துவதால் அப்படித் தெரிகிறது, நிமிர்ந்து நின்றால் சரியாகவே இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கைகூப்பாத குறை.

அவற்றைத் தவிர, சதா பாறையைச் சுரண்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் மீன் ஒன்று. பாறை மீது காளான் குடை போல் பதினோரு வட்டங்கள், செங்கல் நிறத்தில், தண்ணீர் ஓட்டத்தில் மெல்ல நெளிந்துகொண்டு. அவைதாம் பவளமாம். கட்டை விரல் நகம் அளவில் ஒரே ஒரு துண்டை வாங்கி, நான்கு ஆண்டுகளில் பதினொன்றாகப் பெருக்கியிருக்கிறார் மாப்பிள்ளை. நடுவில் இருந்த பெரியதுதான் தாய்.

இங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது. பவளம் எனக்குப் புதிதன்று. இறைவன் திருமேனியைப் பவளம் என்று ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் பாடி வருகிறேன். என் அறிவில் பவளம் என்பது மணி, மோதிரத்தில் பதிப்பது, செவ்வாய் தோஷத்துக்கு அணிவது. அது நெளியும் என்று எந்தப் பதிகத்திலும் இல்லை. சரி, கடலுக்குள் இருக்கும்போது செடியாக இருந்து, வெளியே வந்தால் கல்லாகிவிடும் போலும் என்று முடிவு கட்டினேன்.

அட்டையில் சொன்னபடி, மாடி வராந்தாவில் இருந்த சின்னக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். மீனுக்கென்று ஏன் தனிக் குளிர்ப்பெட்டி, அதையும் ஏன் கண்காணாத இடத்தில் வைத்திருக்கிறார் என்பது அடுத்த நிமிடம் புரிந்தது. சாக்லேட் வில்லைகள் போல் வரிசையாகப் பனிக்கட்டித் துண்டுகள். ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுத் தொட்டி நீரை ஊற்றினேன். உருகியது. உருகிய நீரிலிருந்து நூற்றுக்கணக்கான கருநிறக் கண்கள் என்னைப் பார்த்தன.

மூணாற்றுக்குத் தொலைபேசினேன்.

"மாப்பிள்ளை, இதுல கண்ணு தெரியிதே?"

"அது மைசிஸ் மாமா. பொடி எறா மாதிரி. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் மாடில வச்சேன். வடிகட்டில அலசிட்டு, ரெண்டு சொட்டுப் பூண்டுச் சாறு விட்டுப் போட்டீகன்னா நல்லாச் சாப்பிடும்."

"பூண்டா? மீனுக்கா?"

"வாசத்துக்கு மாமா. அப்புறம் அந்தப் பவளத்துக்கு, ஒவ்வொண்ணுக்கும் வாய்ல கொஞ்சம்…"

"இருங்க. வாய்லயா? பவளத்துக்கு வாய் இருக்கா?"

"நடுவுல இருக்கும் பாருங்க மாமா. அதுவும் உயிருதான."

"செடியில்லையா?"

"செடி இல்ல மாமா."

"கல்லு?"

"கல்லும் இல்ல. அது எறா சாப்பிடும்."

தொலைபேசியை வைத்தேன். ஐம்பது ஆண்டுகளாக நான் யாரை எதனோடு ஒப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்? பவளம் என்பது இறால் தின்னுமா? அடுத்த நாள் காலைப் பாராயணத்தில் அந்தச் சொல் வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. (இன்றும் அந்த வரி வந்தால் ஒரு கணம் தடுமாறித்தான் தாண்டுகிறேன்.)

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஐந்தெழுத்தை ஓதியபடி, நீண்ட குழாயால் இறாலை உள்ளே செலுத்துவேன். பிறகு ஒரு முழுக்கு. அந்த வீட்டில் சமையலும் துப்புரவும் பார்ப்பவர் பேச்சியம்மாள். தாயில்பட்டிப் பக்கம், முன்பு வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றியவர். இரண்டாம் முழுக்கிலேயே அவர் கேட்டுவிட்டார்.

"ஏய்யா, மீனு குளிக்கிறதவிட நீங்க அதிகமாக் குளிக்கீகளே! தண்ணி வண்டி புதன்கிழமதான் வரும்."

மறுநாள் கார்த்திகைச் சோமவாரம். மாதத்திலேயே புனிதமான நாள். நான் உபவாசம். தொட்டியின் முன் போய் நின்றால், உடம்பெல்லாம் நீறு பூசிய இரண்டு அடியார்கள் என்னை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். இன்றைக்குமா இவர்கள் வாயில் இறாலைத் திணிப்பது? பட்டினி போடவும் மனம் வரவில்லை. மாப்பிள்ளை நம்பி ஒப்படைத்தவை. அப்போது என் புத்தியில் ஒரு மின்னல் வெட்டியது. கோயில் தெப்பக்குளத்து மீன்கள்! அவற்றுக்கு யார் இறால் போட்டார்கள்? தலைமுறை தலைமுறையாகப் பொரி தின்றுதானே தொடை தடிமனுக்கு வளர்ந்து நிற்கின்றன?

சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஒரு பொட்டலம் பொரி வாங்கி வந்தேன். இரு கையளவு அள்ளித் தூவினேன்.

தெப்பக்குளத்தில் பொரி விழுந்தால் தண்ணீரே கொதிப்பது போல மீன்கள் துள்ளும். இங்கே ஆரஞ்சு அடியார்கள் இருவரும் பாய்ந்து வந்து ஆளுக்கொன்றைக் கவ்வி, ஒரு கணம் யோசித்து, மரியாதையாகத் துப்பினார்கள். பொரி முழுவதும் ஒரு கப்பற்படை போல் அணிவகுத்து மிதந்து, தொட்டியின் மூலையில் தண்ணீர் வழிந்தோடும் சீப்புப் பல் போன்ற இடுக்கை அடைந்து, சிறிது சிறிதாக உள்ளே போய் மறைந்தது. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கண்ணில் படாதது தின்னப்பட்டது என்றே கொண்டேன்.

பழக்கமில்லாததால் துப்புகின்றன, சுவை சேர்த்தால் தின்னும் என்று தோன்றியது. பசலைக் கீரையை வேகவைத்து ஓர் இலையை விட்டேன். மஞ்சள் மீன் ஓடி வந்து அந்த இலையைக் கிழித்துக் கிழித்துத் தின்றது! எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை என்ன சொல்ல! கடல் மீனைச் சைவமாக்கிய முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். (அது பிறவியிலேயே தழை தின்னும் மீன் என்பதையும், அதற்கென்று கடற்பாசித் தாள் தனியே வைக்கப்பட்டிருந்ததையும் பின்னால்தான் அறிந்தேன். கறுப்பாகக் காகிதம் போல் இருந்ததை, பழைய கார்பன் தாள் என்று நினைத்து மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருந்தேன்.)

செவ்வாய்க்கிழமை என் துணிவு எல்லை கடந்தது. முந்தின மாலை கோயிலில் கொடுத்த நிவேதனம் இருந்தது: வெல்லப் பாகில் பிரட்டிய பொரி, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். பிரசாதத்தை யார்தான் துப்புவார்கள்? ஒரு கிண்ணம் போட்டேன். பவளங்களுக்கும் குறை வைக்கக் கூடாதென்று, கோயிலில் கூடவே கொடுத்த சுண்டலை மசித்து, குழாயில் ஏற்றி, ஒவ்வொரு வாயிலும் ஊட்டினேன். வட்டங்கள் மெல்லக் குவிந்து அதை மூடிக்கொண்டன. "பார்த்தீகளா பேச்சியம்மா, பவளமே சுண்டல் சாப்பிடுது!" என்றேன்.

பேச்சியம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். "அய்யா, அந்தத் தம்பி எழுதிக் குடுத்த அட்டைல சுண்டல் போடச் சொல்லிருக்காகளா?"

"அட்டைல நெறையப் பிழை இருந்துச்சு."

"அப்பச் சரி" என்றார். அந்தச் 'சரி'யில் சரி இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை காலை, பாராயணம் முடித்துக் கூடத்துக்கு வந்தேன். கடலைக் காணோம்.

தொட்டி இருந்தது. அதற்குள் பால் இருந்தது. ஆறடி நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று, அரிசி களைந்த நீர் போல. திருப்பாற்கடல் என்று சிறு வயது முதல் கேட்டிருக்கிறேனே, அதை நேரில் காணும் பேறு கிடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு விம்மியது. மறுகணம் நாற்றம் எட்டியது. தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு பழுப்பு நிற நுரை பொங்கி, தரையில் வழிந்து, சோபாவின் கால் வரை வந்திருந்தது.

பேச்சியம்மாள் வாசலில் நின்றவாறே, "ஆத்தாடி! என்னய்யா, சோப்புத் தூளயும் கரைச்சு விட்டீகளா?" என்றார்.

"மீன் எங்கே?"

"மேல பாருங்க. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. மூச்சு முட்டுதுய்யா அதுக்கு!"

உண்மைதான். அடியார்கள் இருவரும் மஞ்சள் மீனும் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நின்றார்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால், பவளக் குடைகள் சுருங்கி, உலர்ந்த சுண்டைக்காய் போல் ஒட்டிக்கிடந்தன. அருகே நான் ஊட்டிய சுண்டல் அப்படியே துப்பப்பட்டுக் குவிந்திருந்தது. அட்டையைத் தேடி ஓடினேன். மீனை நினைத்து மட்டுமன்று. உமா தனியே அழைத்துச் சொன்ன சொல் காதில் அடித்தது. இந்தத் தொட்டி போனால் மூன்றாவது மாத்திரை திரும்ப வரும். அதை அவர் வாயில் போட்டவன் நானாக இருப்பேன்.

அட்டையின் அடியில் மதுரை மீன் கடைக்காரர் எண் இருந்தது. அழைத்தேன்.

"சொல்லுங்க சார். தண்ணி வெள்ளையா இருக்கா? கடைசியா என்ன ஃபீட் போட்டீங்க?"

"பொரி."

"சார், லைன் சரியா இல்ல. என்ன போட்டீங்க?"

"பொரி. அரிசிப் பொரி."

"…எதுக்கு சார்?"

இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்வது கடினம். "முந்தா நாள் கார்த்திகைச் சோமவாரம்" என்றேன்.

"சார், வீட்ல பெரியவங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

"நான்தாங்க பெரியவன். அறுபத்தெட்டு ஆகுது."

அவர் பெருமூச்சு விட்டது மதுரையிலிருந்து கேட்டது. "வெறும் பொரிதான சார்? வேற இனிப்பு கினிப்பு எதுவும் போடலையே? சர்க்கரை போனா ஆக்சிஜன் சுத்தமா இறங்கிரும்."

வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் குறைவு. அவற்றில் இது முதன்மையானது. "வெறும் பொரிதான்" என்றேன்.

உடனே காற்று யந்திரத்தைப் போடச் சொன்னார். மிதப்பதை அள்ளச் சொன்னார். பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மாடியில் மாப்பிள்ளை கலந்து வைத்திருக்கும் உப்பு நீரை ஊற்றச் சொன்னார். இரண்டு நாள் எதையும், 'எதையும்' என்று மூன்று முறை, போடக் கூடாது என்றார். நானும் பேச்சியம்மாளும் மாடிக்கும் கூடத்துக்கும் வாளி தூக்கினோம். தண்ணீரை இறக்க ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதன் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சி இழுத்தால்தான் தண்ணீர் வரும்.

"நீங்க உறிஞ்சுங்கய்யா. நான் பக்கெட்டப் பிடிக்கேன்."

"இதுல எறா கரைஞ்சிருக்குமே, பேச்சியம்மா."

"எறா எங்க இருக்கு? நீங்கதான் ரெண்டு நாளா எல்லாரையும் சாமியாராக்கி வச்சிருக்கீகளே! உறிஞ்சுங்க, மீனு சாகப் போகுது."

உறிஞ்சினேன். வேகம் கணிக்கத் தவறி ஒரு மடக்கு உள்ளேயே போய்விட்டது. அறுபத்தெட்டு ஆண்டுக் காலச் சைவம், உப்பும் இறாலும் பூண்டும் சுண்டலும் கலந்து, தொண்டை வழியாக இறங்கியது. எனக்குத் துப்பக் கூட நேரமில்லை, வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. எட்டாவது வாளியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பேச்சியம்மாள் மட்டும் இருபது வாளி தூக்கினார்.

"இப்ப அந்தத் தம்பிக்குப் போனப் போடுங்க" என்றார், மூச்சு வாங்கியபடி.

"வந்த பெறகு சொல்லிக்கலாமே. அவருக்குப் பிரஷர்…"

"ஒளிச்சு வச்சாத்தான்யா எதுவும் வெடிக்கும். நான் அந்த வேலை பாத்தவ. போடுங்க."

போட்டேன். "மாப்பிள்ளை, கடல் கொஞ்சம் கலங்கியிருக்கு. மதுரைக் கடைக்காரர்கிட்டக் கேட்டுட்டேன்."

"எம்புட்டு மாமா?"

"காலையில மீன் தெரியல. இப்ப லேசாத் தெரியிது."

"கடைக்காரர் சொன்னதச் செய்ங்க மாமா. நாங்க விடிஞ்சதும் கிளம்பி வாரோம்" என்றார். கோபமில்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழன் பிற்பகல் கார் வந்து நின்றது. தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. மீன்கள் மூன்றும் உயிரோடு இருந்தன. வழியிலேயே கடைக்காரரிடம் பேசி விவரம் கேட்டிருந்த மாப்பிள்ளை நேரே கூடத்துக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியின் எதிரே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பவளமாக எண்ணினார். பத்து. நடுவில் இருந்த தாய் மட்டும் கூழாகிப் பாறையில் வழிந்திருந்தது. அதைத் தம் கையாலேயே வழித்தெடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது. உமா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அலமாரியைத் திறந்து, மேலிருந்து வழியும் நீர் வந்து சேரும் கீழ்த் தொட்டியில் மாட்டியிருந்த வடிகட்டித் துணிப்பையைக் கழற்றினார். செய்தித்தாளை விரித்து அதன் மேல் பையைத் திருப்பிக் கொட்டினார். ஊறிப் பருத்த பொரி, ஒரு சிறு குன்று. விரலால் கிளறினார். கிளறியவர் நின்றார்.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"கடைக்காரர்கிட்ட வெறும் பொரின்னுதான சொன்னீக?"

"ஆமா."

இரண்டு விரல்களுக்கு நடுவே எதையோ பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "இது என்ன மாமா?"

மறுப்பதற்கில்லை. "தேங்காய்ப் பல்லு."

"நெய்ல வறுத்ததா?"

"ஆமா."

"இது?"

"பொட்டுக்கடலை."

"அப்ப வெல்லம்?"

"அது கரைஞ்சிருக்கும். பவளத்துக்கு மட்டும் வெறும் சுண்டல்தான், வாயிலேயே ஊட்டுனேன்."

மாப்பிள்ளையின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். உமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் தேங்காய்ப் பல்லை உயர்த்திப் பிடித்தபடி தரையில் மல்லாந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமாக. கூடம் அதிர. ஆறு ஆண்டுகளில் என் முன்னே அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. உமா கைப்பட்டையைச் சுற்றிவிட்டு, "கொஞ்சம் சிரிக்காம இருங்க! மிஷின் எரர்னு காட்டுது!" என்று கத்தினாள். அவரால் முடியவில்லை. "உமா, பவளத்துக்குச் சுண்டல்… வாய்ல… ஊட்டிருக்காருடி…" என்று சொல்லிச் சொல்லி மறுபடி விழுந்தார். அடுக்களையிலிருந்து பேச்சியம்மாள், "அய்யா ஒரு மடக்கு கடலையும் குடிச்சாக தம்பி, அதையும் கேளுங்க!" என்று எண்ணெய் ஊற்றினார். நான் அதையும் சொன்னேன். சோமவாரத்தையும் திருநீற்றையும் கார்பன் தாளையும் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவி நான்காம் முறைதான் எண் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உமா கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டாள்.

அதற்குப் பிறகு மழை வரும் போலிருந்தாலோ, ஜீப் வரப் போவதாகச் செய்தி கிடைத்தாலோ, விருதுநகரில் என் தொலைபேசி அடிக்கும். நலமா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "மாமா, அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். நானும் சொல்வேன். அவரும் முதன்முறை கேட்பவர் போலச் சிரிப்பார். சென்ற மாதம் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது, மீன் தொட்டியா காரணம் என்று கேட்டாராம். மீன் பாதி, மாமா பாதி என்று சொல்லி, நடந்ததை எல்லாம் இவர் விவரித்திருக்கிறார். மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, மாமாவ ஒரு நாளைக்கு எத்தன வேளை எடுத்துக்கிறீங்க?" என்றாராம்.

"காலைல ஒரு வேளை டாக்டர். இன்ஸ்பெக்சன் நாள்னா ரெண்டு வேளை."